தொழிற்சாலையில் விபத்து: பொறுப்பாளி யார்?



பெங்களூர் நகரின் ஒரு பகுதியாகிய தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் என்னும் பழங்கோயில் ஒன்று உண்டு. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு நிலமோ பொன்னோ அளித்தவர் இன்னார், அதைக்கொண்டு நடைபெற வேண்டிய தருமம் இன்னது என்று பெயர் சொல்லிக் கல்லில் பொறித்து வைப்பது நம் முன்னோர் கண்ட மரபு. பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பெயரும் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று அதே தொம்மலூரில் கண்ணாடிச் சுவர் கொண்ட பல மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அவற்றின் வாயிலில் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் பளபளக்கின்றன. பலகையில் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குரிய ஆள் யார்? கம்பெனி என்பது சட்டம் படைத்த ஓர் ஆள். அது நிலம் வாங்கும், கடன் வாங்கும், வழக்குத் தொடுக்கும். ஆயினும் அதற்குக் கையில்லை, காலில்லை, விலங்கு பூட்டுவதற்கு உடலில்லை, உறுத்துவதற்கு மனச்சாட்சியும் இல்லை. அதன் பணியிடத்தில் ஒரு தொழிலாளி மடிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க இருக்கும் பொருள்.

இது ஏட்டளவிலான கேள்வியன்று. தொம்மலூரை ஒட்டிச் செல்லும் பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் என்னும் அலுவலகக் கட்டடம் உள்ளது. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அங்கே தீப்பற்றியது. நெருப்பைக் காட்டிலும் புகையே பெரும் பகையாயிற்று. மேல் மாடிகளில் சிக்கியவர்கள் மூச்சுத் திணறிச் சன்னல் கண்ணாடிகளை உடைத்தனர். சிலர் அங்கிருந்து கீழே குதித்தனர். 9 பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். ஆபத்துக் காலத்தில் வெளியேறுவதற்கான வழி பூட்டிக் கிடந்தது என்று அந்நாளில் செய்திகள் கூறின. அவர்கள் கொதிகலனுக்கு அருகிலோ வெடிமருந்துக் கிடங்கிலோ வேலை செய்தவர்களல்லர். மேசைக்கு முன் அமர்ந்து எழுத்துவேலை பார்ப்பவருக்கும் பணியிடப் பாதுகாப்பு உயிர்ப் பிரச்சினையே என்பதை அந்த நாள் உணர்த்தியது.

இத்தகைய துயரம் நேர்ந்தவுடன் நம் பார்வை எங்கே செல்கிறது? சாவி வைத்திருந்த காவலாளியிடம் செல்கிறது. கம்பி இழுத்த மின்பணியாளரிடம் செல்கிறது. மிஞ்சிப் போனால் நிர்வாகியிடம் சென்று நின்றுவிடுகிறது. 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது நம் பழமொழி. காவலாளி தவறு செய்திருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது மாடிப்படி வேண்டுமா வேண்டாவா, புகை அறியும் கருவி வாங்குவதா விடுவதா, பயிற்சி தருவதற்கு அரைநாள் வேலையை நிறுத்துவதா கூடாதா என்று முடிவு செய்தவர் காவலாளி அல்லர்.

பாதுகாப்பு என்பது பெரும்பாலும் பணத்தைப் பற்றிய முடிவாகும். பல்சக்கரத்துக்குக் காப்பு மூடி போடப் பணம் வேண்டும். பஞ்சுத்தூசியையும் கல்தூசியையும் உறிஞ்சி வெளியேற்றும் பொறிக்குப் பணம் வேண்டும். பழைய இயந்திரத்தைப் பழுது பார்க்க உற்பத்தியை நிறுத்தினால், அதுவும் பண இழப்பே. பணப்பெட்டியின் திறவுகோல் தொழிற்கூடத்தில் இல்லை. இயக்குநர் குழுவின் அறையில் இருக்கிறது. நிர்வாகி மேலிடத்துக்கு எழுதுவார். 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று விடை வரும். கீழே தொழிலாளர் முறையிடுவர். மேலே உற்பத்திக் கணக்குக் கேட்பர். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதுபோல் அவர் நிலை ஆகிவிடும்.

தமிழ் மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலார் தங்கவயலில் பல தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் சுரங்கம் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்றது. பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதும், வெப்பமும், கல்தூசியும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. 1956-இல் மைசூர் அரசு அச்சுரங்கங்களை ஏற்றுக்கொள்ளும் வரை, அவற்றை நடத்திய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்கள் கடல் கடந்து இலண்டனில் கூடின. ஆபத்து ஓரிடத்தில், அதிகாரம் வேறோரிடத்தில். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல்கள். இன்று அந்தத் தொலைவு ஒரே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையிலும் இருக்கக்கூடும்.

இந்தத் தொலைவைக் குறைப்பதற்குச் சட்டம் எவ்வாறு முயன்றது என்று இனிப் பார்ப்போம். இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் விரிவான தொழிற்சாலைகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் 'ஆக்குபையர்' என்று ஒருவரைக் குறிப்பிட்டது. நாம் அவரைப் பொறுப்பாளர் என்போம். தொழிற்சாலையின் காரியங்கள்மீது இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் உள்ளதோ அவரே பொறுப்பாளர். சட்டத்தை மீறினால் அவருக்கும் நிர்வாகிக்கும் தண்டனை உண்டு. ஆனால் அன்று விதிக்கப்பட்ட தண்டனை என்ன? மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தண்டனை சிறிதாக இருந்தது மட்டுமன்று. அது போய்ச் சேரும் முகவரியும் மாறிப்போயிற்று. பல கம்பெனிகள் தம் ஊழியர்களுள் ஒருவரைப் 'பொறுப்பாளர்' என்று தீர்மானம் போட்டு நியமித்தன. அவர் மாதச் சம்பளக்காரர். காசோலையில் கையெழுத்திடும் உரிமைகூட அவருக்குக் குறைவாகவே இருக்கும். வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்பதற்கு மட்டும் அவர் பெயர் முன்வரும்.

அந்த நிலையை உலுக்கியது போபால். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து வெளிப்பட்ட நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தாய்க் கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்தியாவுக்கு வந்தார், கைது செய்யப்பட்டார், பிணையில் விடப்பட்டு நாட்டைவிட்டுச் சென்றார். விசாரணைக்குத் திரும்பி வராமலே 2014-இல் மறைந்தார். இந்தியக் கம்பெனியின் தலைவரும் மற்ற அதிகாரிகளும் 2010 ஜூன் 7-ஆம் நாள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அசட்டையால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு அந்நாளைய சட்டத்தில் இருந்த மிகுந்த தண்டனை இரண்டாண்டுச் சிறை, அதுவே விதிக்கப்பட்டது. அன்றே அவர்களுக்குப் பிணையும் கிடைத்தது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது.

போபாலுக்கு ஓராண்டு கழிந்து, 1985 டிசம்பர் 4-ஆம் நாள், தில்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் என்னும் அமிலப் புகை வெளிப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தொழிற்சாலையின் ஒரு பகுதியை மீண்டும் திறக்க அனுமதி கேட்டபோது, 1986 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒரு நிபந்தனை விதித்தது. குளோரின் வாயு வெளிப்பட்டு உயிரோ உடலோ கேடுற்றால் இழப்பீட்டுக்குத் தாமே பொறுப்பேற்பதாகக் கம்பெனியின் தலைமையில் உள்ளவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்பது அது. பின்னர் அந்நிபந்தனை சற்றுத் தளர்த்தப்பட்டது. எனினும், கம்பெனி என்னும் திரையை விலக்கி, 'உள்ளே இருப்பவர் யார்?' என்று நீதிமன்றம் கேட்டுவிட்டது. அபாயகரமான தொழில் நடத்துவோர் அதனால் விளையும் கேட்டுக்கு விலக்கின்றிப் பொறுப்பாவர் என்ற கோட்பாட்டையும் அவ்வாண்டு டிசம்பரில் அந்நீதிமன்றம் வகுத்தது.

இவற்றின் பயனாக 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. தொழிலாளரின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு ஆகியவற்றைக் காப்பது பொறுப்பாளரின் பொதுக் கடமை என்று அது விதித்தது. தண்டனை இரண்டாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்னும் அளவுக்கு உயர்ந்தது. எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் வேறு: கம்பெனிக்குச் சொந்தமான தொழிற்சாலையில் அதன் இயக்குநர்களுள் ஒருவரே பொறுப்பாளராகக் கருதப்படுவார் என்று சட்டம் கூறியது.

கம்பெனிகள் இதை எளிதில் ஏற்கவில்லை. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் உள்ளிட்ட பல கம்பெனிகள் வழக்காடின. 'ஊழியர் ஒருவரை நியமிக்க எங்களுக்கு உரிமை இல்லையா? தொலைவில் இருக்கும் இயக்குநர், தாம் காணாத தவறுக்குச் சிறை செல்வது நியாயமா?' என்று கேட்டன. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதிக் கட்டுப்பாடு இயக்குநர் குழுவினிடமே இருக்கிறது. ஆகவே இயக்குநர் ஒருவரைத்தான் பொறுப்பாளராக நியமிக்க முடியும். அதிகாரியையோ ஊழியரையோ நியமிக்க இயலாது. எவரையும் நியமிக்காவிட்டால் இயக்குநர்களுள் எவர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கம்பெனிகள் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. காணாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிப்பது நெறியாகுமா? அதற்கு இரண்டு விடைகள் உண்டு. தக்க விழிப்புடன் தாம் நடந்ததையும், தவறு தம் அறிவும் இசைவும் இன்றி நிகழ்ந்ததையும் மெய்ப்பித்தால் பொறுப்பாளர் விடுபடலாம் என்று அச்சட்டமே வழி வைத்திருந்தது. இது முதல் விடை. காணாமல் இருப்பது சில வேளைகளில் தாமே தேடிக்கொண்ட நிலையாகும் என்பது இரண்டாவது. இலாபக் கணக்கை மாதந்தோறும் கேட்டறிபவர், காயக் கணக்கைக் கேட்காமல் இருந்தால், அந்த அறியாமை அவருக்கு அரணாகலாமா?

இக்கருத்துக்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல விளக்கமாகும். 1987 மார்ச்சில் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்னும் கப்பல், முன்கதவு மூடப்படாமலே புறப்பட்டுக் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். கதவு மூடியதா என்று காட்டும் விளக்கு ஒன்றை மாலுமியின் தளத்தில் பொருத்துமாறு அக்கம்பெனியின் கப்பல் தலைவர்கள் முன்னரே கேட்டிருந்தனர்; நிர்வாகம் மறுத்துவிட்டது. ஆயினும், இன்ன இயக்குநரே குற்றவாளி என்று சுட்ட முடியாமல் 1990-இல் கொலைக்குற்ற வழக்கு வீழ்ந்தது. மாறாக, 1993-இல் லைம் வளைகுடாவில் சிறு படகுப் பயணம் சென்ற மாணவர் நால்வர் இறந்தபோது, பயணத்தை நடத்திய சிறு கம்பெனியும் அதன் நிர்வாக இயக்குநரும் 1994-இல் தண்டனை பெற்றனர். பாதுகாப்புக் குறையைச் சுட்டிப் பயிற்சியாளர்கள் அவருக்கு முன்பே எழுதிய கடிதம் வழக்கில் சான்றாக வந்தது. கம்பெனி பெரிதானால் குற்றம் கரைந்துபோகிறது, சிறிதானால் பிடிபடுகிறது! இந்தக் கோணலைத் திருத்தவே அந்நாட்டில் 2007-இல் தனிச் சட்டம் இயற்றினர்.

விபத்து ஒரு நொடியில் நிகழ்வது; நோயோ பல்லாண்டு ஊர்ந்து வருவது. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தால் தங்கள் உடல் கெட்டது என்று தொழிலாளர் கூறினர். அப்படிக் கேடு விளையவில்லை என்று கம்பெனி கூறிவந்தது. 2016-இல்தான் முன்னாள் தொழிலாளர் 591 பேரைக் குறித்து உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் எத்தனை இயக்குநர்கள் மாறியிருப்பர்! ஆகையால் பொறுப்பு ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால் போதாது. அது ஏட்டிலும் இருக்க வேண்டும். யார் எப்போது எதை அறிந்தார், எதைச் செய்தார் என்பது எழுதப்பட வேண்டும்.

இனி இன்றைய நிலை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கம்பெனியின் தொழிற்சாலைக்கு இயக்குநர் ஒருவரே பொறுப்பாளர் என்ற நெறியை அது கைவிடவில்லை. கம்பெனியின் அன்றாட நிர்வாகத்தில் பங்கின்றி மேற்பார்வைக்காக அமரும் சுயாதீன இயக்குநர்களுக்கு மட்டும் விலக்குத் தந்துள்ளது. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்கு வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். இது தவிர, அசட்டையால் மரணம் விளைவித்தலுக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

புதிய சட்டத்தில் நாம் கவலையோடு நோக்க வேண்டிய இடங்களும் உள்ளன. மின்விசையால் இயங்கும் இடத்தில் முன்பு 10 தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை. இன்று 20 பேர் வேண்டும். மின்விசை இல்லாத இடத்தில் முன்பு 20, இன்று 40. பொதுவான விதிமீறலுக்கு இரண்டு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரையான பண அபராதமே விதிக்கப்பட்டுள்ளது. பெரிய கம்பெனிக்கு அத்தொகை ஒரு செலவுக் கணக்காக முடிந்துவிடலாம்.

இன்னொன்று தொம்மலூர் போன்ற இடங்களுக்கு மிகவும் பொருந்துவது. பத்துப் பேரும் அதற்கு மேலும் தொழிலாளர் உள்ள அலுவலகங்களும் இப்போது இச்சட்டத்தின்கீழ் வருகின்றன; இது நல்லதே. ஆனால் தொழிற்சாலைக்கு இயக்குநரைச் சுட்டிய சட்டம், மற்ற நிறுவனங்களில் காரியங்கள் ஒரு மேனேஜரிடமோ நிர்வாக இயக்குநரிடமோ ஒப்படைக்கப்பட்டிருந்தால் அவரையே முதலாளியாகக் கொள்கிறது. தொழிற்சாலையில் அடைபட்ட பழைய வாயில் அலுவலகத்தில் சற்றே திறந்திருக்கிறது. பணப்பெட்டியின் திறவுகோல் இல்லாத ஒருவர் மீண்டும் பொறுப்பாளர் ஆகிவிடாதபடி ஆய்வாளர்களும் நீதிமன்றங்களும் விழிப்புடன் இருக்க வேண்டும்.

இயக்குநர் என்ன செய்ய வேண்டும்? குழுக்கூட்டம் தொடங்கும்போது உற்பத்திக்கு முன் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆண்டுக்குச் சில முறையேனும் முன்னறிவிப்பின்றித் தொழிற்கூடத்தில் நடந்து பார்க்க வேண்டும். ஆபத்துக்கால வாயிலைத் தம் கையாலேயே தள்ளிப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்கென்று கேட்ட தொகையை மறுத்தால் மறுப்புக்கான காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். காண்டிராக்டரின் ஆள் என்று எவரையும் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடக் கூடாது; புகை ஆள் பார்த்து நுழைவதில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டமும், இயக்குநர் பங்குதாரரின் நலத்தோடு ஊழியரின் நலத்தையும் கருத வேண்டும் என்றே விதித்திருக்கிறது.

தொழிலாளருக்கும் கடமை உண்டு. கண்ட குறையை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் தருவது நன்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் முதலாளிக்கு நேரிலோ பாதுகாப்புக் குழுவின் மூலமோ தெரிவித்து, அதே வேளையில் ஆய்வாளருக்கும் அறிவிக்கும் உரிமையைப் புதிய சட்டம் தந்துள்ளது. லைம் வளைகுடா வழக்கில் சான்றாக நின்றதும் ஒரு கடிதமே என்பதை நினைவிற் கொள்வோம். அறிந்தபின் 'அறியேன்' என்று சொல்ல எவராலும் இயலாது.

இயக்குநரைச் சிறைக்கு அனுப்புவது இச்சட்டங்களின் நோக்கமன்று. சிறைக்குப் போகக்கூடும் என்று அறிந்தவர், போகாமலிருக்க வேண்டியதைச் செய்வார்; அவர் செய்யும் காரியத்தால் ஒரு தொழிலாளி மாலையில் வீடு திரும்புவான். தண்டனை எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதைவிட, எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்தது என்பதே அச்சட்டத்தின் வெற்றிக்கு அளவுகோலாகும்.